எந்த ஸ்கேல்?

இரண்டு பேர் சேர்ந்து செய்த ஒரு தவறில், ஒருவனுடைய பங்கு எங்கே முடிந்து மற்றவனுடைய பங்கு எங்கே தொடங்குகிறது? இருதயராஜ் இப்படி ஒரு கேள்வியை வாய்விட்டுக் கேட்டவர் அல்ல. மரம் வளைந்திருக்கிறதா, ஆணி பிடிக்குமா என்பதற்கு மேல் அவர் எதையும் கேட்டு ஜோசபின் பார்த்ததில்லை. ஆனாலும் முப்பத்தெட்டு வருடம் அவரோடு குடித்தனம் நடத்திய பிறகு யோசித்தால், அந்த மனிதரின் வாழ்க்கை இந்த ஒன்றைத்தான் சுற்றிச்சுற்றி வந்தது போல அவளுக்குத் தோன்றும்.

நல்ல வேலைக்காரர். அதற்கு மேல் அவரைப் புகழ அவளிடம் அதிகம் இல்லை. கோபம் மூக்கு நுனியில் இருக்கும். மன்னிப்பு என்ற சொல் கோவிலில் ஜெபம் சொல்லும்போது மட்டும் வாயில் வரும்.

அவருடைய அப்பா ஆம்பூரிலிருந்து புனேயின் கட்கிக்கு வெடிமருந்து ஆலை வேலைக்கு வந்தவர். மகன் அந்தப் பக்கம் போகவில்லை. போசரியில் ஒரு வார்ப்பு ஆலையில், பேட்டர்ன் ஷாப்பில் சேர்ந்தார். இரும்பை உருக்கி ஊற்றுவதற்கு முன்னால் அதே உருவத்தை மரத்தில் செய்து மணலில் பதிக்கவேண்டும்; அந்த மர உருவைச் செய்கிற வேலை. கல்யாணமான புதிதில், சட்டைப் பையில் எப்போதும் ஓர் இரும்பு ஸ்கேலோடு திரிகிறாரே என்று ஜோசபின் கேட்டாள். அவள் தையல்காரி. ஸ்கேலை வாங்கித் தன் டேப்போடு வைத்துப் பார்த்தவள், "ஏங்க, இது தப்பான ஸ்கேலு. ஒத்து வரல" என்றாள்.

அவருக்கு அன்று வந்த சிரிப்பு அவளுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"தப்பு இல்ல. உன் காட்டன் துணிய நனைச்சா சுருங்குதுல்ல? ஊத்துன இரும்பும் ஆறினா சுருங்கும். நூத்துக்கு ஒண்ணு. அதுக்காக மரத்த நூத்துக்கு ஒண்ணு பெருசா செய்யணும். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட முடியுமா? அதான் ஸ்கேலையே பெருசா அடிச்சிட்டாங்க."

"நாங்க துணிய நனைச்சிட்டு வெட்டுவோம்."

"இரும்ப நனைச்சிட்டு வெட்டு, பாக்கலாம்."

பார்வைக்கு மற்ற ஸ்கேலைப் போலவே இருக்கும். ஓரத்தில் பொடி எழுத்தில் ஓர் அடையாளம். அதுவும் விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்துபோய்விடும். அதனால் அந்த ஆலையில் ஒரு வழக்கம் இருந்தது. பேட்டர்ன் ஷாப்காரன் வாயிலிருந்து ஓர் அளவு வந்தால், வாங்குகிறவன் எழுதுவதற்கு முன்னால் கேட்கவேண்டும்: "எந்த ஸ்கேல்?" சொல்கிறவன், பேட்டர்ன் ஸ்கேலா சாதா ஸ்கேலா என்று சொல்லவேண்டும். கேட்காமல் எழுதியவனும் சொல்லாமல் விட்டவனும் சேர்ந்து திட்டு வாங்குவார்கள்.

இந்தக் கேள்வியை விளையாட்டாக்கியது முகுந்த். அதே ஆலையில், வார்த்த இரும்பைக் கடைந்து துளைபோடும் மெஷின் ஷாப்பில் இருந்தான். புனேயிலேயே பிறந்து வளர்ந்த தஞ்சாவூர்க் குடும்பம். கணக்கை மராத்தியில் போடுவான், சண்டையை ஹிந்தியில் போடுவான், காபிக்கு மட்டும் தமிழுக்கு வருவான் என்று இருதயராஜ் சொல்வார். "நாலு மணிக்கு வரேன்" என்று இவர் சொன்னால், "எந்த ஸ்கேல்டா?" என்பான் அவன். ஜோசபினுக்கும் அது ஒட்டிக்கொண்டது. பத்து நிமிடத்தில் வருகிறேன் என்று இருதயராஜ் செருப்பை மாட்டினால், "எந்த ஸ்கேல்ல பத்து நிமிஷம்?" என்று அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர்கள் வீடு திரும்பும்போது முகுந்தின் ஸ்கூட்டர் வாசலில் நிற்கும். கையில் பாக்கர்வடிப் பொட்டலம், புனேக்காரர்களின் காரச் சுருள் பலகாரம். பின்கட்டில் தகரக் கூரைக்குக் கீழே, கவிழ்த்துப் போட்ட ஆப்பிள் பெட்டி அவன் ஆசனம். ஜோசபின் போடும் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆத்துல அபயம் போடறதைவிட இது நன்னாருக்குன்னு அவகிட்ட சொல்லிடாதேங்கோ" என்பான். பிறகு இருவரும் மாலைவரை எதையாவது இழைத்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் என்ன செய்தார்கள் என்பது அவளுக்கு அவ்வளவாக நினைவில்லை. தையல் மெஷினை மிதித்துக்கொண்டே கேட்ட சிரிப்புச் சத்தம் நினைவிருக்கிறது. நடுநடுவே மரத்தூள் வாசனை வரும். காவ்யா, அப்போது சின்னப் பெண், சுருள் சுருளாக விழும் இழைப்புத் தோலைக் காதில் மாட்டிக்கொண்டு வருவாள்.

இருவரும் சேர்ந்து ஒரு டேபிள் செய்தது 2005இல், தவக்காலத்துக்கு முன்னால். கோவிலில் சிலுவைப்பாதைப் படங்கள் பதினான்குக்கும் புதுச் சட்டம் போட்டுத் தருவதாக இருதயராஜ் ஏற்றுக்கொண்டிருந்தார். சட்டத்தின் ஓரத்தில் வளைவும் வரியும் எடுக்க ரூட்டர் என்ற கைமெஷின் வேண்டும். அதைக் கையில் பிடித்து ஓட்டினால் பதினான்கும் பதினான்கு மாதிரி வரும். ஒரு டேபிளுக்கு அடியில் தலைகீழாகத் தொங்கவிட்டு, சுழலும் முனை மட்டும் மேலே எட்டிப்பார்க்கும்படி வைத்து, மரத்தை அதன்மேல் தள்ளிக்கொண்டு போனால் எல்லாம் ஒன்றுபோல வரும். மெஷினைத் தாங்குவதற்கு டேபிள் நடுவில் கெட்டியான அலுமினியத் தகடு ஒன்று பதிக்கவேண்டும். அதில் நான்கு துளைகள்.

டேபிள் இருதயராஜின் வேலை, தகடு முகுந்தின் வேலை. இருதயராஜ் மெஷினைக் கவிழ்த்து வைத்து, சட்டைப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து, துளைக்குத் துளை அளந்து சொன்னார். "நூத்திப் பத்தொம்போது." முகுந்த் பாக்கர்வடிப் பொட்டலத்தின் உள்பக்கத்தில் எழுதிக்கொண்டான். அடுத்த ஞாயிறு துளை போட்ட தகட்டோடு வந்தான்.

அன்று பின்கட்டில் கூட்டம். கோவில்காரர்கள் ஐந்தாறு பேர், பக்கத்து வீட்டார், அவர்கள் பிள்ளைகள். இரண்டு திருகு இறங்கியது. மற்ற இரண்டும் இறங்கவில்லை. ஒரு மில்லிமீட்டர், கொஞ்சம் கூட இருக்கலாம். "அரத்தால இழுத்து விட்டாப் போறும்டா" என்றான் முகுந்த். இருதயராஜின் முகம் சிவந்துவிட்டது. ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதுதான் காரணம் என்று ஜோசபின் நினைக்கிறாள்.

"நாலு ஓட்ட நேரா போடத் தெரியல, இவன்லாம் மெஷின் ஷாப்பு! உனக்குச் சம்பளம் குடுக்கறானுங்களே, அவனுங்களச் சொல்லணும்."

யாரோ சிரித்தார்கள். முகுந்த் கையைப் பழைய துணியில் மெதுவாகத் துடைத்தான், விரல் விரலாக. துணியை மடித்து ஆப்பிள் பெட்டியின்மேல் வைத்தான். ஜோசபினிடம் மட்டும், "காபி இன்னிக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனான். பிறகு வரவில்லை. ஆலையில் இருவரும் வேலைச்சீட்டு மூலமாகவே பேசிக்கொண்டார்கள். ஆறு வருடத்தில் ஆலையும் மூடிவிட்டது.

தப்பான நான்கு துளைகளையும் இருதயராஜ் பித்தளையால் அடைத்து, மட்டமாக ராவினார். மெஷினையே தகட்டின்மேல் வைத்து, அதன் துளைவழியே குறித்து, புதிதாக நான்கு போட்டார். சட்டங்கள் நேரத்துக்கு முடிந்தன. இன்றும் கோவிலில் தொங்குகின்றன, பழுதில்லாமல். அலுமினியத்தில் நான்கு மஞ்சள் பொட்டுகள் மட்டும் பளிச்சென்று தெரியும். வருகிறவர்கள் கேட்பார்கள். "அது முகுந்த் வேலை" என்பார் இருதயராஜ்.

நாளடைவில் அது வீட்டுச் சொல்லாகிவிட்டது. சப்பாத்தி கோணலாக வந்தால் முகுந்த் வேலை. குழாய் ஒழுகினால் முகுந்த் வேலை. காவ்யா பெரியவளாகி, கராடியில் கணினி வேலைக்குப் போன பிறகும் அதை விடவில்லை. "மம்மி, ஆபீஸ்ல ஒருத்தன் கோடு எழுதிருக்கான், பூரா முகுந்த் வேலை" என்பாள். முகுந்தின் முகம்கூட அவளுக்கு மறந்திருக்கும். ஜோசபினுக்கு அது ஒவ்வொரு முறையும் ஊசி குத்தினாற்போல இருக்கும். ஆனாலும் ஒன்றும் சொன்னதில்லை. கைதேர்ந்த ஒருவனுடைய பெயர், அவன் அறியாமல், ஒரு வீட்டில் பத்தொன்பது வருடம் இப்படிப் புழங்கியது. அந்த வீட்டில் அதற்குப் பிறகு யாரும் பாக்கர்வடி வாங்கியதில்லை.

போன வருடம் ஜூலை மாதம் பழைய ரூட்டர் புகைந்து நின்றுவிட்டது. காவ்யா புதிது ஒன்றை வாங்கி அனுப்பினாள். எடை குறைவு, சத்தம் குறைவு; ஆனால் துளைகள் வேறு இடத்தில்.

"டேபிளும் புதுசு வாங்கிடலாம் டாடி. ரெடிமேட் கிடைக்குது" என்றாள் போனில்.

"டேபிளுக்கு என்னா குறைச்சல்? தகட்ட கால்வட்டம் திருப்பிப் போட்டா புது ஓட்டைக்கு இடம் இருக்கு."

முதலில் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கைக் கழற்றினார். தலைகீழாகத் தொங்கும்போது அது மெஷினைக் கீழே தள்ளும். அடுத்தது, முன்போல மெஷினின் அடித்தட்டைக் கழற்றித் தகட்டின்மேல் வைத்துக் குறிக்கலாம் என்று பார்த்தார். அடித்தட்டின் திருகுகளுக்கு நட்சத்திரத் தலை; அதற்கான முனை அவரிடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வரும்போது கொண்டுவருவதாகக் காவ்யா சொன்னாள். அதுவரை பொறுக்க அவரால் முடியவில்லை. மெஷினோடு வந்த கையேட்டில் அளவு போட்டிருந்தது. "படி" என்று ஜோசபினிடம் கொடுத்தார்.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். தகட்டைக் கெடுப்பானேன் என்று முதலில் ஒரு பிளைவுட் துண்டில் குறித்து, துளை போட்டு, மெஷினை வைத்தார். இரண்டு திருகு இறங்கியது. மற்ற இரண்டும் இறங்கவில்லை.

"சரியாத்தான் படிச்சியா?"

"கண்ணு உங்களுக்குத்தான் போச்சு. எனக்கு இல்ல." அவள் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துத் துளைக்குத் துளை வைத்தாள். "நூறு சொன்னேன். நீங்க நூத்தியொண்ணு போட்டிருக்கீங்க."

"உன் டேப்பு இழுத்துப்போச்சு."

"இழுத்த டேப்பு கம்மியாத்தான் காட்டும், கூட காட்டாது." அதுவரை விளையாட்டாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். "ஏங்க... எந்த ஸ்கேல்?"

அந்தக் கேள்வி அந்தப் பின்கட்டில் கேட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. இருதயராஜ் கையிலிருந்த ஸ்கேலைப் பார்த்தார். பெட்டியைத் திறந்து இன்னொரு ஸ்கேலை எடுத்து, இரண்டையும் முனைக்கு முனை ஒட்டி வைத்தார். இந்தப் பக்கம் ஒன்றாக இருந்தன. அந்தப் பக்கக் கடைசியில், முந்நூறில், மூன்று மில்லிமீட்டர் விலகி நின்றன.

பிறகு அவர் செய்ததை ஜோசபின் கதவருகில் நின்று பார்த்தாள். மூலையில் கிடந்த, புகைந்துபோன பழைய மெஷினைக் கவிழ்த்து வைத்து, அதன் துளைகளைப் பேட்டர்ன் ஸ்கேலால் அளந்தார். "நூத்திப் பத்தொம்போது" என்று அவர் உதடு அசைந்தது. டேபிளுக்கு வந்து, குனிந்து, பித்தளைப் பொட்டுகளின் நடுவிலிருந்து நடுவுக்குச் சாதா ஸ்கேலை வைத்தார். மறுபடி வைத்தார். அதுவும் நூற்றுப் பத்தொன்பது.

இவர் அளந்தது பேட்டர்ன் ஸ்கேலில். அவன் குறித்தது சாதா ஸ்கேலில். அவன் போட்ட துளைகளில் மயிரிழை பிசகு இல்லை. ஆலையாக இருந்தால் அவன் கேட்டிருப்பான், இவரும் சொல்லியிருப்பார். அது வீடு, ஞாயிற்றுக்கிழமை, அவன் வாயில் பாக்கர்வடி. கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. பத்தொன்பது வருடம் அந்தப் பொட்டுகளின்மேல்தான் அவர் மரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார். ஒரு தடவை ஸ்கேலை வைத்துப் பார்க்கத் தோன்றியதில்லை. அடுத்தவன் தவறு என்று முடிவான பிறகு யார் அளந்து பார்க்கிறார்கள்?

தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டது. அவர் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே வந்து சாப்பிட்டார். ஒன்பது நாள் பின்கட்டுக்குப் போகவில்லை. நடுவில் ஒரு ஞாயிறு காவ்யா முனையோடு வந்தாள். முழங்கால் வலி என்று படுத்துவிட்டார்.

அதற்கடுத்த ஞாயிறு தானாகவே எழுந்துபோய் வேலையை எடுத்தார். அடித்தட்டைக் கழற்றி, தகட்டின்மேல் வைத்து, துளைவழியே குறித்தார். ஸ்கேலையே தொடவில்லை. காவ்யா மெஷினைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"டாடி, சரியா பாத்து போடுங்க. பக்கத்துலயே முகுந்த் வேலை இருக்கு."

"அந்தப் பேர இனிமே அப்படிச் சொல்லாத."

"ஏன், என்ன ஆச்சு?"

"சொல்லாதன்னா சொல்லாத."

காவ்யா அம்மாவைப் பார்த்தாள். ஜோசபின் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். நான்கு திருகுகளும் இறங்கின. தேக்குத் துண்டு ஒன்றை அவர் தள்ளினார். ஓரத்தில் வளைவும் வரியும் வழுவழுவென்று வந்தன. நன்றாகத்தான் வந்திருந்தது. அவர் அதை இரண்டாம் முறை திருப்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை, "நல்ல புடவையா கட்டிக்க. மகர்பட்டா போயிட்டு வருவோம்" என்றார். முகுந்த் அங்கே மகன் வீட்டில் இருக்கிறான் என்று எங்கோ கேட்டு வைத்திருந்தார் போலிருக்கிறது. கிளம்புவதற்கு முன் இரண்டு ஸ்கேலையும் எண்ணெய் போட்டுத் துடைத்தார். முடிவான பிறகு செய்கிற வேலைகளை மட்டும்தான் அவர் அவ்வளவு நிதானமாகச் செய்வார். ஒன்றாகச் செய்தித்தாளில் சுற்றி ஜோசபினின் துணிப்பையில் வைத்தார். "அவனுக்குக் காமிக்கணும்" என்றார். அவ்வளவுதான்.

பதினொன்றாம் மாடி. கதவைத் திறந்த முகுந்தின் மனைவி அபயாம்பாள் ஒரு நிமிடம் அடையாளம் தெரியாமல் நின்றாள். பிறகு உள்ளே பார்த்து, "ஏன்னா, யார் வந்திருக்கான்னு பாருங்கோ" என்றாள்.

முகுந்த் மெலிந்துபோயிருந்தான். வலது கை லேசாக நடுங்கியது. அதை இடது கையால் பிடித்துக்கொண்டே வந்தான்.

"வாங்கோ ஜோசபின். இவனை எப்படி இழுத்துண்டு வந்தேள்?"

"நான் எங்க இழுத்தேன்? அவருதான் என்னக் கூட்டியாந்தாரு."

"லிஃப்ட் வேலை செய்யறதா? இல்லை இவன் திட்டி நின்னுடுத்தா?"

இருதயராஜ் சிரிக்க முயன்றார். உட்கார்ந்தார்கள். ஆலை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி எழுந்துவிட்டதையும், முழங்காலையும், மழையையும் பேசினார்கள். அபயாம்பாள் காபியும் ஒரு தட்டில் பாக்கர்வடியும் கொண்டுவந்து வைத்தாள். "இவருக்கு டாக்டர் கூடாதுன்னுட்டார். டப்பாவை ஒளிச்சுதான் வெச்சிருக்கேன். இன்னிக்கு ஒண்ணு எடுத்துக்கட்டும்" என்றாள். முகுந்த் எடுக்கவில்லை.

இருதயராஜ் டம்ளரைக் கீழே வைத்தார்.

"முகுந்த். அந்தத் தகடு. ஓட்ட நீ சரியாத்தான் போட்ட. தப்பு என்னுது. எல்லார் முன்னாடியும் உன்னச் சொன்னேன்ல, அதுவும் தப்பு."

முகுந்த் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். ஜோசபின் பையைத் திறந்து, செய்தித்தாள் சுருட்டைக் கையால் தொட்டாள். அவர் கேட்டதும் எடுத்துக்கொடுக்கத் தயாராக.

"அன்னிக்கு ஸ்கூட்டர்ல போறச்சே," என்றான் முகுந்த், "தாபோடிப் பாலம் தாண்டறதுக்குள்ளே எனக்கு ஒண்ணு தோணித்துடா. நான் உன்னை எந்த ஸ்கேல்னு கேக்கவே இல்லை. கேலிக்குக் கேட்டேன், சோத்துக்குக் கேட்டேன். எழுதறச்சே கேக்கலை. திரும்பி வந்து சொல்லணும்னு வண்டியை நிறுத்தினேன். நீ பேசின பேச்சுக்கு நான் ஏன் வரணும்னு மறுபடி ஓட்டிண்டு போயிட்டேன். அப்பறம் நாளாக ஆக, நான்தான் கேக்காம கெடுத்தேன்னு வெக்கமாப் போயிடுத்து. உன்னாலே இல்லை, நான் வராம இருந்ததே அதனாலேதான்." நடுங்கும் கையை மடியில் அமுக்கிக்கொண்டான். "பத்தொம்போது வருஷம் கழிச்சுக் கேக்கறேன். சொல்லு. எந்த ஸ்கேல்டா?"

ஜோசபினின் விரல்கள் பைக்குள் இரண்டு ஸ்கேலின்மேலும் இருந்தன. அவர் பக்கம் பார்த்தாள். அவர் பையைப் பார்க்கவில்லை.

"சாதா ஸ்கேல்தான்" என்றார் இருதயராஜ். "எனக்குத்தான் கண்ணு தப்பாப் படிச்சிடுச்சு. நீ கேட்டிருந்தாலும் தப்பாத்தான் வந்திருக்கும்."

"நீயா? அளவைத் தப்பாப் படிச்சியா?"

"படிச்சிட்டேன்."

முகுந்த் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மூச்சை விட்டான், நீளமாக. இடது கை விட்டுவிட்டதில் வலது கை தன் பாட்டுக்கு நடுங்கியது. அந்தக் கையாலேயே தட்டிலிருந்து ஒரு பாக்கர்வடியை எடுத்தான். "இருந்தாலும் நன்னாத்தான் திட்டினே அன்னிக்கு" என்றான்.

"நல்லாத்தான் திட்டினேன்" என்றார் இருதயராஜ்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜோசபினுக்கு மட்டும் இடம் கிடைத்தது. பை மடியில் இருந்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் உள்ளே இரண்டு இரும்பும் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டன. பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றவரிடம், ஹடப்ஸர் தாண்டியதும், "ஏங்க, ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"ஜன்னல மூடு" என்றார் அவர். "சாரல் அடிக்குது."